எட்டிக்கொட்டையும் நரம்பின் பிரேக்கும்

நாம் எட்டி என்பதை இங்கே திருவனந்தபுரத்தில் காஞ்ஞிரம் என்கிறார்கள். காஞ்ஞிரப்பள்ளி என்ற ஊர்ப்பெயரிலும் அந்த மரம் நிற்கிறது. அதன் கொட்டையிலுள்ள ஸ்டிரிக்னின் என்ற நஞ்சை 1818இல் பிரான்சில் பிரித்தெடுத்தார்கள். அது உடம்பில் எங்கே போய்ப் பிடிக்கிறது என்று தெளிய ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

தசையை இயக்கும் நரம்பணுவை 'ஓடு' என்று தூண்டும் நரம்பு முனைகளும் உண்டு; 'நில்' என்று அடக்கும் முனைகளும் உண்டு. ரயிலுக்கு எஞ்சினும் பிரேக்கும் போல. தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் அடக்கும் முனைகள் பல, நூலிழையினும் நுண்ணிய இடைவெளிக்குள் கிளைசின் என்ற பொருளைச் சொரிகின்றன. எதிர்ப்புறத்து ஏற்பியில் அது பொருந்தியதும் நரம்பணு அடங்குகிறது. 1973இல் அமெரிக்காவில் ஆன் யங், சாலமன் ஸ்னைடர் இருவரும் கதிரியக்கம் ஏற்றிய ஸ்டிரிக்னினை எலியின் நரம்புத் திசுவில் சேர்த்துப் பார்த்தார்கள். தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும்தான் அது மிகுதியாக ஒட்டியது. கிளைசினுக்குரிய ஏற்பியையே நஞ்சு பிடித்துக்கொள்கிறது என்பது புலப்பட்டது.

பிரேக் போனால் உடம்பு வில்லாக வளைந்து இழுக்கும். டெட்டனஸ் நஞ்சு கெடுப்பதும் இதே பிரேக்கைத்தான், ஆனால் மறுமுனையில்: கிளைசினை வெளிவரவே விடுவதில்லை.

சுத்தி செய்யத் தெரிந்த சித்த வைத்தியர் கையில் எட்டி வேறு விஷயம். மூட்டுவலிக்கென்று மற்றவர் பொடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். பிள்ளைகளுக்கு 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டெட்டனஸ் ஊசி விட்டுப்போயிருக்கிறதா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள்.