மீன் தொட்டிக்குக் கோடி கட்டலாம், எக்ஸெல்லில்!

மீன் தொட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல்லை மாதச் செலவு எழுதுவதோடு மூடி வைத்துவிடுகிறார்கள். ஆம்பூரில் என் வீட்டு மீன் தொட்டியின் சைபனை அதில்தான் கணக்குப் போட்டு அமைத்தேன். லிப்ரெ ஆபீஸின் கால்க் வைத்திருப்பவர்களும் இதையே செய்யலாம், அது இலவசம்.

எங்கள் பக்கம் ஏரி நிரம்பி வழிந்தால் "கோடி போகுது" என்போம். 2021 நவம்பர் மழையில் பாலாறு பெருக்கெடுத்தபோது இங்கே பல ஏரிகள் கோடி போயின. கோடி சரியாக இருந்தால் கரை உடையாது. தொட்டிக்கும் அதே கதைதான். கண்ணாடியில் துளை போடாமல் தண்ணீரை வெளியே எடுக்க, விளிம்பைத் தாண்டி வளையும் சைபன் குழாய் வேண்டும். அதன் ஒரு கால் தொட்டிக்குள் உள்ள சிறு பெட்டியிலும் மறுகால் வெளியே தொங்கும் பெட்டியிலும் மூழ்கியிருக்கும். வெளிப்பெட்டியில் வழியும் நீர் கீழே உள்ள சம்ப் தொட்டிக்கு இறங்க, பம்ப் அதை மீண்டும் மேலேற்றும்.

என் வீடு மாடியில். கீழ் வீட்டில் ஷூ அப்பர் தைக்கிறார்கள். தரையெல்லாம் தோல் கட்டுகள். கூரை ஒழுகினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரும் இங்கே சும்மா கிடைப்பதல்ல. தோல் கழிவுநீர் பற்றிய வேலூர் வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் என் போர் தண்ணீரில் உப்பு போகவில்லை. மீனுக்குக் கேன் தண்ணீர்தான்.

முதலில் பம்ப். அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். அது உயரத்துக்கு ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. 10 லிட்டர் பக்கெட்டைத் தொட்டியின் உயரத்தில் பிடித்து நேரம் பாருங்கள். எனக்கு 60 வினாடி ஆனது, அதாவது மணிக்கு 600 லிட்டர்.

இனி எக்ஸெல்லைத் திறங்கள். முதல் செல்லில் குழாயின் உள்விட்டம் (சென்டிமீட்டரில்), அடுத்ததில் இரு பெட்டிகளின் நீர்மட்ட வித்தியாசம். விட்டத்தை அதனாலேயே பெருக்கி 0.785ஆல் பெருக்கினால் குழாயின் பரப்பு. மட்ட வித்தியாசத்தை 1962ஆல் பெருக்கி எஸ்க்யூஆர்டி பார்முலாவில் வர்க்கமூலம் எடுத்தால் நீரின் வேகம். உராய்வுக்காக அதில் பாதியை மட்டும் எடுங்கள். பரப்பையும் வேகத்தையும் பெருக்கி, 3.6ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும்.

வித்தியாசம் 5 செ.மீ. என்று வைத்து என்டர் தட்டிப் பார்த்தேன். 2 செ.மீ. குழாய்க்கு 560 லிட்டர். பம்புக்கு ஈடு கொடுக்காது, தொட்டி வழியும். 2.5 செ.மீ. குழாய்க்குச் சுமார் 875. அப்படியானால் 4 செ.மீ. இன்னும் நல்லதுதானே? இல்லை! பெரிய குழாயில் நீர் மெதுவாக நகரும். காற்றுக் குமிழ்கள் வளைவின் உச்சியிலேயே தங்கிச் சேர்ந்து சைபனை அறுத்துவிடும். 2.5 போதும். மட்டம் தானாகவே இரண்டரை செ.மீ. வித்தியாசத்தில் வந்து நிற்கும்.

அடுத்து, கரண்ட் போனால்? என் தொட்டி 90க்கு 30 செ.மீ., உயரம் 45. ஒரு செ.மீ. மட்டம் இறங்கினால் 2.7 லிட்டர். பம்பின் குழாய் வாய் 10 செ.மீ. ஆழத்தில் இருந்தால் அதுவே சைபனாகி 27 லிட்டரைக் கீழே இழுத்துவிடும். 60க்கு 30 அளவுள்ள, 30 செ.மீ. உயரச் சம்பில் பாதி நிரம்பியிருந்தால் மீதி இடமும் அதே 27 லிட்டர்தான். குழாய்களில் மிச்சமிருக்கும் நீரும் சேர்ந்தால் தரைக்கு வரும். இதற்கு நீர்மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழே அந்தக் குழாயில் 3 மி.மீ. துளை போட்டால் போதும். மட்டம் அங்கே இறங்கியதும் காற்று புகுந்து இழுப்பு நின்றுவிடும்.

கரண்ட் இருக்கும்போதே சைபன் அறுந்தால்? பம்ப் நிறுத்தாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும். தொட்டியின் மேல்விளிம்பு வரை எனக்கு 4 செ.மீ. காலி இடம், அதாவது 10.8 லிட்டர். எனவே சம்பில் பம்பை ஒரு மேடைமேல் வைத்து, மட்டம் 15லிருந்து 10 செ.மீ.க்கு இறங்கியதும் அது காற்றை இழுக்கும்படி செய்தேன். ஏறக்கூடியது 9 லிட்டர் மட்டுமே. மோட்டார் கெட்டாலும் கெடட்டும், கீழ் வீட்டுத் தோல் நனையாது.

மீன் விடும் முன் மொட்டை மாடியில் வெறும் தண்ணீரில் இரண்டையும் சோதியுங்கள்: ஒரு முறை ஸ்விட்சை அணைத்து, ஒரு முறை சைபனை வெளியே தூக்கி. பம்ப் ஒயர் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலேறட்டும். ஒயரில் வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். சிபியூ, யுபிஎஸ் இரண்டையும் தொட்டிக்கு அடியில் வைக்காதீர்கள். அந்த 3 மி.மீ. துளையைப் பாசி அடைக்கும். வாரம் ஒரு முறை குண்டூசியால் குத்திவிடுங்கள்.