சூரியனைத் துரத்தாத கண்ணாடிகள்

சூரிய ஒளியைக் குவிக்கும் பரவளையக் கண்ணாடிக்குச் சூரியன் நேர் எதிரே இருந்தாக வேண்டும். ஓரிரு பாகை விலகினாலும் குவியம் நழுவிவிடும். அதனால் மோட்டாரும் பற்சக்கரமும் வைத்து நாள் முழுக்க அதைத் திருப்புகிறார்கள். பாலைவனத்துப் பெரிய மின்நிலையத்துக்கு இது கட்டுப்படியாகும். ஒரு பால்பண்ணையின் கூரைக்குக் கட்டுப்படியாகுமா?

இதற்கான விடை துகள் இயற்பியலிலிருந்து வந்தது. 1960-களில் சிகாகோவில் இயற்பியலாளர் ரோலண்ட் வின்ஸ்டன், செரன்கோவ் ஒளி எனும் மிக மங்கலான ஒளியைச் சிறிய உணர்கருவிக்குள் செலுத்த வழி தேடினார். அவருக்கு வேண்டியது வெளிச்சம் மட்டுமே. பிம்பம் கலைந்தாலும் கவலையில்லை. அந்த ஒரு நிபந்தனையைக் கைவிட்டதும் ஒளியியல் புதிதாகத் திறந்துகொண்டது. சோவியத் ஒன்றியத்திலும் ஜெர்மனியிலும் அதே காலத்தில் வேறு சிலரும் இவ்வடிவத்தைத் தனியே கண்டடைந்தார்கள்.

வடிவம் இதுதான்: மேலே அகன்று கீழே குறுகும் ஒரு நீண்ட தொட்டி. இரு சுவர்களும் வெவ்வேறு பரவளையங்களின் துண்டுகள். இடச்சுவரின் குவியம் வலச்சுவரின் அடிவிளிம்பில் இருக்கும். வலச்சுவரின் குவியம் இடப்பக்க அடிவிளிம்பில். அனுமதித்த கோணத்தின் கடைசி எல்லையில் வரும் கதிர் அந்த விளிம்பைத் தொடும். அதற்குட்பட்டு எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அடிவாய்க்குள் போய்விடும். எல்லை தாண்டிய கதிர் மேலும் கீழும் எதிரொளித்து வெளியே திரும்பிவிடும்.

தொட்டியைக் கிழக்கு மேற்காகக் கிடத்துவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. சூரியனின் தினப் பயணம் பெரும்பாலும் தொட்டியின் நீளவாக்கிலேயே நடந்துவிடும். முக்கியமாகச் சமாளிக்க வேண்டியது வடக்கு தெற்கான பருவ நகர்வைத்தான். அது இருபுறமும் 23.5 பாகை. இருபுறமும் 30 பாகையை ஏற்கும் தொட்டியை இடத்தின் அட்சரேகைக்கேற்பச் சாய்த்து வைத்தால் ஆண்டு முழுக்கத் தொட வேண்டியதில்லை. டிசம்பர், ஜூன் கடைசிப் பகுதிகளில்கூட நண்பகலைச் சுற்றி ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒளி கிடைக்கும். ஆனால் கோணத்தைக் கூட்டினால் செறிவு குறையும்: 30 பாகைக்கு இரண்டு மடங்குதான். கோணத்தை 6 பாகைக்குள் சுருக்கினால் ஏறத்தாழ பத்து மடங்கு கிடைக்கும். ஆனால் அப்போது ஆண்டு முழுக்கச் சாய்வை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். செறிவுக்கான இந்த வரம்பு வெப்ப இயக்கவியல் விதித்தது. எவ்வளவு நல்ல கண்ணாடியும் அதை மீறாது.

இரண்டு மடங்கு என்று அலட்சியப்படுத்திவிடக் கூடாது. அடிவாயில் வெற்றிடக் குழாயை வைத்தால் வெப்பம் வெளியே கசிவது வெகுவாகக் குறைகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மெர்செட் வளாகத்தில் வின்ஸ்டன் குழுவினர் இவ்வழியில், எதையும் திருப்பாமலே 200 பாகை செல்சியஸ் வரை எட்டினார்கள். மேகமூட்டத்தில் சிதறி வரும் ஒளியிலும் கணிசமான பங்கை இது பிடித்துக்கொள்ளும். துரத்தும் கண்ணாடிக்கு அது வாய்க்காது.

இயற்கை இதை எப்போதோ கையாண்டிருக்கிறது. அட்லாண்டிக் கரையின் குதிரைலாட நண்டின் கூட்டுக்கண்ணில் உள்ள கூம்புகள் ஏறத்தாழ இதே வடிவில் இருப்பதை வின்ஸ்டனும் சக ஆய்வாளர்களும் 1975-இல் எடுத்துக்காட்டினார்கள்.

குறை ஒன்று உண்டு: தொட்டி மிக உயரமாகிவிடும். நல்லவேளையாக, மேல்பகுதிச் சுவர்கள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்பதால் அவை சேர்க்கும் ஒளி சொற்பம். அதை வெட்டிவிட்டால் கண்ணாடி பெருமளவு மிச்சம். செறிவில் இழப்பு கொஞ்சம்தான். நீராவி தேவைப்படும் பால் பதனிடும் ஆலைக்கும் சாயப்பட்டறைக்கும் 100 முதல் 200 பாகைக்குள்தான் வெப்பம் வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்கு மோட்டார் தேவையில்லை.