பார்த்தவர் ஆயிரம், கொடுத்தவர் பத்து

மன்னாரின் தாழ்வுபாட்டில் ஒரு மீனவக் குடும்பத்தின் படகு எஞ்சின் பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ரொறன்ரோவிலுள்ள சித்தப்பா மகன் கோஃபண்ட்மி என்ற நிதி திரட்டும் தளத்தில் ஒரு பக்கம் திறந்து, லிங்கை வட்ஸ்அப் குழுக்களில் போடுகிறார். இரண்டு நாளில் "ஆயிரம் பேர் பார்த்திட்டாங்கள்" என்று செய்தி வருகிறது. கொடுத்தவர்களோ பத்துப் பேர். "மிச்சக் காசு எங்கே?" என்ற பேச்சு கரையில் தொடங்கிவிடும்.

அங்கே களவே நடந்திராமல் இருக்கலாம். ஆயிரம் வருகைக்குப் பத்துக் கொடை என்றால் நூற்றுக்கு ஒன்று. வருபவர்களில் கொடுப்பவர்கள் எப்போதும் சிறு பங்குதான். அதோடு, ஒரே மாமா காலையும் மாலையும் திறந்தால் பல கணக்குகளில் அது இரண்டு வருகை. பக்கத்தைத் தொடங்கியவர் எவ்வளவு சேர்ந்தது என்று அடிக்கடி எட்டிப் பார்ப்பதும் அதில் சேரக்கூடும்.

எங்கிருந்து வந்தார்கள் என்பதுதான் உருப்படியான கேள்வி. ஊர்ச் சங்கக் குழுவிலிருந்து 60 பேர் வந்து 7 பேர் கொடுத்து, பெரிய முகநூல் பக்கமொன்றிலிருந்து 940 பேர் வந்து 3 பேர் கொடுத்திருந்தால், அடுத்த தடவை யாரிடம் போவது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் வட்ஸ்அப்பில் லிங்கை அமத்தி வருகிறவர் பெரும்பாலும் 'நேரடி வருகை' என்றே பதிவாவார். ஆகவே குழுவுக்கு ஒரு சுருக்க லிங்க் செய்து, ஒரே நாளில் எல்லா இடமும் கொட்டாமல், ஒரு நாளுக்கு ஒரு குழு என்று போடுங்கள். லிங்க் போன நாளையும் கொடை விழுந்த நாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓரளவு பிடிபடும். லிங்கில் மட்டும் ஆட்களின் பெயரை எழுதாதீர்கள். அதை எல்லோரும் வாசிக்கலாம்.

பக்கம் திறந்த கையோடு வேறு செய்திகளும் வரும்: "50 டொலர் தாருங்கள், பத்தாயிரம் பேரை அனுப்புகிறோம்." அனுப்பப்படுவது பெரும்பாலும் எந்திர வருகை. எண் ஏறும், காசு ஏறாது. கடவுச்சொல்லையோ ஓடிபியையோ கேட்டால் அது நேரடியான கொள்ளை.

கொடை குவிவதும் உண்மைக்குச் சாட்சியல்ல. 2017இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், வீடற்ற ஒருவர் தன் கடைசி 20 டொலரைக் கொடுத்து வழியில் நின்ற பெண்ணுக்கு உதவினார் என்ற கதைக்கு ஏறத்தாழ 14,000 பேர் 4 இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்தார்கள். கதை கட்டுக்கதை. சம்பந்தப்பட்டவர்கள் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். கோஃபண்ட்மி பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

நம் ஊர்ச் சிக்கல் வேறு. கோஃபண்ட்மி இலங்கை வங்கிகளுக்குப் பணம் அனுப்புவதில்லை. பக்கமும் வங்கிக் கணக்கும் வெளிநாட்டு உறவினர் பெயரில்தான் இருக்கும். எஞ்சின் தேவைப்பட்டவர் கணக்கையே பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால், வெட்கப்படாமல் தொடங்கும்போதே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்: வருகை எத்தனை, கொடை எத்தனை, கழிவு போக அனுப்பியது எவ்வளவு. வட்ஸ்அப்பில் ஒரு செய்தியாக இருந்தாலும் போதும்.

கழிவு இருக்கத்தான் செய்யும். கனடாவில் ஒவ்வொரு கொடையிலும் 2.9 வீதமும் 30 சதமும் போகும். 5 டொலர் கொடையில் அது கிட்டத்தட்ட 45 சதம். 20 டொலரில் 88 சதம். கொடுக்கும்போது 'டிப்' என்று சேர்வது தளத்துக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. அதைச் சுழியமாக்கலாம்.

பக்கத்தில் என்ன போடுகிறோம் என்பதும் கவனிக்க வேண்டியது. பிள்ளையின் படம், மருத்துவ அறிக்கை, அடையாள அட்டை ஆகியவற்றை இரக்கத்துக்காக ஏற்றிவிடுகிறோம். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலையும் பிள்ளைகளின் தகவலையும் விசேட வகையில் வைத்திருக்கிறது. ஆனால் உரிமைகள் தரும் பகுதிகளின் அமுலாக்கம் 2025இல் தள்ளிப்போடப்பட்டது. எனவே சட்டம் காப்பாற்றும் என்று காத்திராமல் அறிக்கையின் இலக்கங்களை மறைத்துப் போடுவதே புத்தி. பெயர் தெரிவதை விரும்பாத கொடையாளருக்குப் பெயர் மறைக்கும் வசதி உண்டு.

ஏமாற்றப்பட்டால் முதலில் பக்கத்தையும் செய்திகளையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். பக்கம் அழிக்கப்பட்டால் அதுதான் மிஞ்சும். பிறகு தளத்திலேயே முறையிடுங்கள். கோஃபண்ட்மியில் கொடுத்தவர், முறைகேடு இருந்தால், ஒரு வருடத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். கடனட்டையில் கொடுத்திருந்தால் வங்கியிடமும் தகராறு பதியலாம். கனடாவில் இருப்பவர் கனடிய மோசடித் தடுப்பு மையத்துக்கு அறிவிக்கலாம். இங்கே கணக்கு ஊடுருவப்பட்டிருந்தால் இணையப் பாதுகாப்புக்கான இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101ஐ அழையுங்கள். காசு போயிருந்தால் மன்னார் பொலிஸில் முறைப்பாடு எழுதி, அதன் இலக்கத்தை வாங்கிக்கொண்டு வாருங்கள்.