உங்களுக்குத் தெரியுமா? மனசு உடம்பில் தெரியும் எட்டு விதங்கள்

விலை சரிந்த நாளில் தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோடு தக்காளி மண்டியில் நிற்கும் விவசாயியைப் பாருங்கள். பறித்த கூலிக்கே கட்டாது என்பதை வாய் சொல்லும் முன்பே தோள் சொல்லிவிடும். இப்படி மனத்தில் எழுந்தது உடம்பில் புலப்படுவதற்குத் தொல்காப்பியம் வைத்த பெயர் ‘மெய்ப்பாடு’.

அந்நூலின் பொருளதிகாரத்தில் ஆறாம் இயல் முழுக்க இதைப் பற்றியதே. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. ஒவ்வொன்றும் பிறக்க நான்கு காரணங்கள். அழுகைக்குச் சொன்னவற்றில் இழப்பும் வறுமையும் எவருக்கும் தோன்றக்கூடியவை. ‘அசைவு’ என்று ஒன்றைச் சேர்த்ததுதான் அபாரம்: முன்பிருந்த நல்ல நிலை கெட்டு வருந்துவது. போன மாதம் நல்ல விலைக்கு விற்றவரின் வேதனை அதுதான்.

இக்கால உளவியலும் இதே தேடலில் இறங்கியது. அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன், 1960களின் இறுதியில் பப்புவா நியூ கினியின் ஃபோரே மக்களிடம் முகபாவங்களை ஆராய்ந்தார். அவர் வகுத்த அடிப்படை உணர்ச்சிகள் ஆறு: மகிழ்ச்சி, துயரம், அச்சம், கோபம், வியப்பு, அருவருப்பு. முதல் ஐந்தும் உவகை, அழுகை, அச்சம், வெகுளி, மருட்கை எனத் தொல்காப்பியத்தில் அப்படியே உண்டு. இளிவரல் மட்டும் அருவருப்பிலிருந்து சற்று விலகி, தாழ்ந்துபோன உணர்வையும் சுமக்கிறது. எஞ்சிய நகையையும் பெருமிதத்தையும் ஒத்த உணர்ச்சிகளை 1999இல் விரித்த தம் பட்டியலில் எக்மனும் சேர்த்துக்கொண்டார்.

பெருமிதத்துக்குத் தொல்காப்பியம் தரும் நான்கு காரணங்கள்: கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை. கொடைக்குச் சான்று அந்தத் தக்காளி மண்டியின் மாவட்டத்திலேயே உண்டு: ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி.