பள்ளி மூடியபோது சத்துணவு என்ன ஆனது?

கொரோனா பரவலால் 2020 மார்ச் 17 முதல் தமிழ்நாட்டில் பள்ளிகள் மூடப்பட்டன. சத்துணவுக் கூடத்து அடுப்பும் அணைந்தது. மறுநாளே உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து, மதிய உணவு நின்றால் பிள்ளைகள் என்ன சாப்பிடுவார்கள் என்று மாநிலங்களிடம் விளக்கம் கேட்டது.

இதற்கான வழி ஏற்கெனவே சட்டத்தில் இருந்தது. சமைத்துப் போட முடியாவிட்டால் தானியத்தையும் சமையல் செலவையும் உணவுப் பாதுகாப்புப் படியாகத் தர வேண்டும் என்கின்றன 2015-இல் வந்த மதிய உணவு விதிகள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 150 கிராம். சமையல் செலவு 2020-இல் நாளொன்றுக்கு முறையே 4.97 ரூபாயும் 7.45 ரூபாயும். பருப்பு, காய்கறி, எண்ணெய், எரிபொருள் எல்லாம் அதற்குள்தான்.

தமிழ்நாடு அரசு பொருளாகவே கொடுத்தது. நல்ல முடிவு, ஆனால் தாமதம். மே மாதப் பங்குக்கே ஜூலையில்தான் ஆணை வந்தது: தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 3.1 கிலோ அரிசி, 1.2 கிலோ பருப்பு. பெற்றோர் பையோடு பள்ளிக்குப் போய் வாங்கி வந்தார்கள்.

31 நாளுக்கு 100 கிராம் வீதம் என்றால் கணக்கில் பிசகில்லை. ஆனால் அரிசி ரேஷன் கடையிலும் கிடைத்தது. ஏழை வீட்டால் ஈடுகட்ட முடியாமல் போனது வாரம் ஐந்து முட்டையைத்தான். சத்துணவுத் தட்டில் வைக்கும் முட்டை முழுசாக அந்தப் பிள்ளைக்கே. வேலையில்லாமல் அப்பா வீட்டில் இருக்கும் நாளில் அம்மா ஒரு முட்டையை உடைத்து, வெங்காயத்தை நிறைய அரிந்து போட்டுப் பொரித்து, நாலு பேருக்குப் பங்கு வைப்பாள். அவளைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? பிள்ளைகளுக்கு முட்டை கேட்டு சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது.

2021 மே மாதம் மத்திய அரசு 11.8 கோடி மாணவர்களுக்குச் சமையல் செலவைப் பணமாகவே தருவதாக அறிவித்தது. கூடுதல் ஒதுக்கீடு சுமார் 1,200 கோடி ரூபாய். கேட்கப் பெரிய தொகை. வகுத்துப் பார்த்தால் தலைக்கு நூறு ரூபாய்தான் வரும். கூலி நின்ற வீட்டில் அது மளிகைக் கடை பாக்கிக்கே போய்விடும்.

ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-இல். அத்தனை மாதமும் ஊருக்கு ஊர் சத்துணவு அமைப்பாளர்கள் இருந்தார்கள், பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலும் அவர்கள் கையில் இருந்தது. இன்னொரு முறை பள்ளியை மூட நேர்ந்தால், முதல் வாரமே அவர்கள் வழியாக முட்டை வீடு போய்ச் சேர இப்போதே ஆணை எழுதி வைக்கலாம்.