இரவில் உலவும் பெயர்கள்

அரூரை அடுத்த தீர்த்தமலைக்கு ஏறிச்செல்லும் அன்பர்கள், இராமபிரான் அம்பெய்து உண்டாக்கிய தீர்த்தத்தில் நீராடி, அருள்மிகு தீர்த்தகிரீசுவரரை வணங்குவர். இராவணனைக் கொன்ற பழி நீங்க அப்பெருமான் இங்கு வழிபட்டார் என்பது தலபுராணச் செய்தி. அரக்கன் தவம் செய்பவன், மறை ஓதுபவன், நாடாள்பவன். ஆகவேதான் அவனைக் கொன்றதும் பழியாயிற்று. இரவில் மக்கள் அஞ்சும் பேய் அவ்வினத்தது அன்று. பேச்சுவழக்கில்தான் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம்.

பேய்க்குத் தமிழில் பெயர்கள் பல. உலகத்தார் உண்டு என்பதை இல்லையென மறுப்பவனைத் திருவள்ளுவர் 850ஆம் குறளில் 'அலகை' என்கிறார். மதுரைக்காஞ்சி காட்டும் நள்ளிரவில் பேயும் அணங்கும் கழுதும் திரிகின்றன. இக் 'கழுது' என்னும் சொல் சுவையானது. தினைப்புனம் காப்போர் ஏறியிருக்கும் பரணுக்கும் அதுவே பெயர். மலைபடுகடாத்தில் அப்பொருளிலேயே வருகிறது. பன்றி வரும் வழியை நோக்கி இருளில் தனித்து விழித்திருப்பவனுக்கு இலை அசைந்தாலும் ஓர் உருவம் தோன்றுமன்றோ! இரு பொருளும் ஒரு சொல்லில் கூடியது தற்செயலாகவும் இருக்கலாம், ஆயினும் பொருத்தமானதே.

கூளியும் பூதமும் சிவபெருமானின் கணங்கள். சிலப்பதிகாரத்துப் புகார் நகரில், நாற்சந்தியில் நின்ற சதுக்கப்பூதம் பொய்ச்சான்று கூறுவோரையும் பிறன்மனை நயப்போரையும் கட்டித் தண்டித்ததாம். அஃது ஊர்க்காவல். நம் தருமபுரி, சேலம் வட்டாரங்களில் எல்லை காக்கும் முனியப்பனும் அவ்வாறே. 'முனி' என்றால் அஞ்சி நடுங்கும் ஊரே அவருக்குப் பொங்கலும் வைக்கிறது.

அஞ்சத்தக்க பெயரை விரும்பி ஏற்றவரும் உளர். பேயுரு வேண்டிப் பெற்ற அம்மையார் தம்மைக் 'காரைக்கால் பேய்' என்றே பாடினார். சுந்தரர் அவரைப் 'பேயார்' எனப் போற்றினார். மயிலையில் தோன்றிய ஆழ்வாருக்கும் பேயாழ்வார் என்பதே திருநாமம்.

இனி, 'பேய் பிடித்தது' என்னும் வழக்கைக் காண்போம். உறங்குவோர் மார்பின்மேல் ஏறி அழுத்துவதாகச் சொல்லப்படுவது 'அமுக்குவான் பேய்'. விழிப்பு வந்தபின்னும் உடலின் தசைகள் சிறிது நேரம் இயங்காதிருக்கும் நிலையே அது என்பர் மருத்துவர், தானே நீங்கிவிடும். காட்டேரியின் செய்தி அத்தனை எளிதன்று. கருவுற்றவளையும் பிள்ளை பெற்றவளையும் காட்டேரி அணுகும் என்ற அச்சம் பழையது; அதனைத் தெய்வமாக்கிப் படையலிடும் குடும்பங்களும் உண்டு. படையல் இடுக. ஆனால், பிள்ளை பெற்ற சில நாட்களில் ஒருத்தி உறக்கமின்றி, தனக்குத்தானே பேசி, பெற்ற குழந்தையைக் கண்டே அஞ்சுவாளாயின், அது பேறுகாலத்தை ஒட்டி வரும் மனநோயாகும், மருந்தால் குணமாவது. அவளை அடிப்பதும், வேப்பிலை கொண்டு ஓட்டுவோரிடம் விட்டுக் காத்திருப்பதும் தாய், சேய் இருவர் உயிருக்கும் கேடாக முடியக்கூடும். திருநீறு பூசி, தாமதியாமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். மனநல ஆலோசனைக்கென 2022ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் இரவிலும் பேசலாம்.