முதலில் தாள், அப்புறம் புழு
கத்தரியும் பசையும் – 7

போன வாரம் கத்தரி பிடிக்கிற விரல்களைப் பற்றி எழுதினேன். இந்த வாரம் ஒரு புழு. அதற்கு முன்னால் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஆரம்பித்த புதிதில், எரிக் கார்லின் ‘தி வெரி ஹங்கிரி கேட்டர்பில்லர்’ புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். 1969இல் வந்த புத்தகம். பசியெடுத்த கம்பளிப்புழு ஒன்று பழம் பழமாகத் துளைத்துத் தின்றுகொண்டே போகும். தின்ற இடத்தில் நிஜமாகவே ஓட்டை இருக்கும். பிள்ளைகள் அந்த ஓட்டைகளில் விரலை விட்டு விட்டு எடுத்தார்கள். நான் முந்தின இரவே பச்சை வட்டங்களும் ஒரு சிவப்பு வட்டமும் வெட்டி, ஆளுக்கொரு கவரில் போட்டு வைத்திருந்தேன். அரை மணி நேரத்தில் பதினெட்டுப் புழுக்கள் சுவரில் ஏறின. பெற்றோர் வந்தபோது ஒரு சிறுமி தாள்களின் கீழ் ஓரத்தை ஒவ்வொன்றாகத் தூக்கி, பின்னால் எழுதியிருந்த பெயரைப் பார்த்துக்கொண்டே போனாள். தன் புழு எது என்று அவளுக்கே தெரியவில்லை. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அப்புறம்தான் கார்ல் எப்படி வேலை செய்தார் என்று தேடிப் படித்தேன். அவர் புழுவிலிருந்து தொடங்கவில்லை, தாளிலிருந்து தொடங்கினார். ஒரு நாள் தாள் அடுக்கு ஒன்றில் பஞ்சிங் மெஷினால் ஓட்டை போட்டிருக்கிறார். அந்த ஓட்டையைப் பார்த்ததும் புத்தகப்புழு ஒன்று நினைவுக்கு வந்தது. அதற்கு வில்லி என்று பெயரும் வைத்தார். பதிப்பாசிரியர் ஆன் பெனடூஸ்தான் அதைக் கம்பளிப்புழு ஆக்கச் சொன்னார். அதனால்தான் கடைசியில் பட்டாம்பூச்சி வந்தது. அவ்வளவு ஓட்டை போட்டுக் கட்டுப்படியாகிற விலையில் அச்சிட அமெரிக்காவில் ஆள் கிடைக்காமல், முதல் பதிப்பு ஜப்பானில் அச்சானது.

படங்களும் அப்படித்தான். ஆரம்பத்தில் கடையில் விற்ற வண்ணத் தாள்களை வாங்கியவர், பிறகு வெள்ளை டிஷ்யூ தாளில் தானே அக்ரிலிக் பூசத் தொடங்கினார். பட்டையான பிரஷ், விரல், ஸ்பாஞ்ச், கிழிந்த கம்பளத் துண்டு, எது கிடைத்தாலும் அதனால் தாளின் மேல் தடம் பதிப்பார். காய்ந்த தாள்களை நிறவாரியாக இழுப்பறைகளில் அடுக்கி வைப்பார். படம் செய்யும் நாளில் இழுப்பறையைத் திறந்து, வேண்டிய தாளை எடுத்து வெட்டி, சுவரில் காகிதம் ஒட்டுகிற பசையால் ஒட்டுவார். நிறம் உண்டாக்குவது ஒரு நாள் வேலை, உருவம் உண்டாக்குவது இன்னொரு நாள் வேலை. நான் அந்த முதல் நாளைப் பிள்ளைகளிடமிருந்து பறித்துவிட்டு, இரண்டாம் நாளிலும் பாதியை நானே செய்து முடித்திருந்தேன்.

இப்போது எங்கள் வகுப்பில் இது இரண்டு ஞாயிறு வேலை. முதல் ஞாயிறு படமே கிடையாது.

“மிஸ், படம் எப்ப மிஸ் பண்ணுவோம்?”

“அடுத்த வாரம்டா. இன்னிக்குத் தாள் மட்டும்தான்.”

பட்டம் ஒட்டுகிற மெல்லிய வெள்ளைத் தாள் போதும். தரையில் பாலித்தீன் விரித்து அதன் மேல் தாளைப் போடுங்கள். தண்ணீர் அதிகமானால் கிழிந்துவிடும். பிரஷை நன்றாக ஒட்டப் பிழிந்துவிட்டுப் பூசச் சொல்லுங்கள். போஸ்டர் கலர் வேண்டாம். பசையின் ஈரம் பட்டதும் அது கரைந்து கையெல்லாம் ஒட்டும். அக்ரிலிக் ஒருமுறை காய்ந்தால் அப்புறம் தண்ணீரில் கரையாது. பூசிய ஈரம் போவதற்குள் சீப்பால் இழுக்கலாம், தேங்காய் நாரால் தேய்க்கலாம், பழைய கால்மிதியின் மூலையை வைத்து அழுத்தலாம். முக்கியமாக, ஈரத்தோடு தாளைத் தூக்கக் கூடாது. காயவிட்டால் அப்பளம்போல் மொறமொறவென்று உரிந்து வரும். அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு தாள் பூசுகிற பிள்ளைகள் உண்டு.

இரண்டாம் ஞாயிறு எல்லாத் தாளையும் தரையில் நிறவாரியாகப் பரப்புவோம். யார் பூசிய தாளையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம். இதுதான் என் ஒரே விதி. சீப்பு இழுத்த பழுப்புத் தாளை ஒருவன் பனைமரம் என்பான், பக்கத்தில் இருப்பவள் அதையே நாய் முதுகு என்பாள். நான் வாய் திறப்பதில்லை. எந்த உருவத்தையும் வரைந்து கொடுப்பதும் இல்லை.

கத்தரி பழகாத சின்னதுகள் கையாலேயே கிழிக்கட்டும். லியோ லியோனி ஒருமுறை தன் பேரப்பிள்ளைகளை ரயிலில் அழைத்துப் போனபோது, அவர்களைச் சமாதானப்படுத்தப் பத்திரிகைத் தாளில் நிறம் இருந்த இடங்களைக் கிழித்துக் கதை சொன்னார். அந்தக் கதைதான் 1959இல் வந்த அவருடைய முதல் குழந்தைப் புத்தகம், நீலமும் மஞ்சளும் கட்டிப்பிடித்துப் பச்சையாகிற கதை. எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1962இல் ‘தி ஸ்நோயி டே’ புத்தகம் செய்தபோது, கதையில் வரும் அம்மாவின் உடைக்கு அலமாரியில் விரிக்கிற எண்ணெய்த் துணியை வெட்டினார். பல் துலக்கும் பிரஷால் மையைத் தெளித்தார். தையல் கடை வெட்டுத்துணியைச் சேர்த்து வையுங்கள் என்று நான் எல்லா வீட்டிலும் கேட்பது அவரால்தான்.

போன மாதம் ஒரு அம்மா, “மாடு ஏன் மிஸ் நீலமா இருக்கு?” என்று கேட்டார். மகன் காதில் விழக் கூடாது என்று மெல்லத்தான் கேட்டார். நான் அவருக்குக் கார்லின் பள்ளிக்கூடக் கதையைச் சொன்னேன். அமெரிக்காவில் சிராக்யூஸ் நகரத்தில் பிறந்தவர். அங்கே முதல் வகுப்பில் பெரிய பெரிய தாளும் தடித்த பிரஷும் கிடைத்தன. ஆறு வயதில், 1935இல், குடும்பம் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்குத் திரும்பியது. அங்கே சின்னத் தாள், கெட்டிப் பென்சில், ஸ்கேல், தப்புச் செய்யாதே என்ற எச்சரிக்கை, பிரம்படி. பிக்காசோ, க்ளே போன்ற ஓவியர்களை நாஜி அரசு விலக்கி வைத்திருந்த காலம் அது. க்ராஸ் என்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் அந்தப் பையனைத் தனியாக அழைத்து, காட்டக் கூடாத அந்த ஓவியங்களின் பிரதிகளைக் காட்டினார். தெரிந்தால் அவருக்கு ஆபத்து. ஃப்ரான்ஸ் மார்க் வரைந்த நீலக் குதிரையை அந்தப் பையன் கடைசிவரை மறக்கவில்லை. 2011இல், எண்பதைத் தாண்டிய வயதில், நீலக் குதிரை வரைகிற ஓவியனைப் பற்றி ஒரு புத்தகமே செய்தார்.

அந்த அம்மா மாட்டை இன்னொரு முறை பார்த்தார். பிறகு, “கொம்பு நல்லாருக்குடா” என்றார் மகனிடம்.

அதே நாள்தான். ஐந்து வயதுப் பையன் ஒருவன் கறுப்பையும் பச்சையையும் குழப்பித் தேய்த்து, தாள் வீணாகிவிட்டது என்று முதல் ஞாயிறு அழுதிருந்தான். அந்தத் தாளை வேறொரு சிறுமி எடுத்துக் காக்கை செய்திருந்தாள். வெயில் பட்டால் காக்கை இறகில் தெரிகிற பச்சை அதில் அப்படியே வந்திருந்தது. அழைத்துப்போக வந்த ஆச்சியை அவன் சுவர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போனான். தன் படத்தைத் தாண்டிப் போய் அந்தக் காக்கையின் முன்னால் நிறுத்தினான்.

“ஆச்சி, இந்த றெக்கை இருக்குல்ல, இது என் தாளு.”